காலியாகும் மக்களவைத் தொகுதி குறித்துத் தேர்தல் ஆணையத்துக்குப் பாம்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மக்களவை உறுப்பினர் எச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். அவருடைய மகன் விஜய் வசந்த் இடைத்தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்டது 2021 மே 2 அன்றுதான். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அந்த எட்டு மாதத் தாமதத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், புனே உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று மறைந்தபோது அவையின் ஆயுள் ஓராண்டுக்கு மேல் மீதமிருந்தும் அங்கே இடைத்தேர்தல் நடக்கவே இல்லை. உடனே நடத்துமாறு மும்பை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் பிறப்பித்த உத்தரவையும் அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இராமநாதபுரத்துக்கு அந்த நிலை வந்தால் என்ன செய்வது என்பதே, படகு வைத்துப் பிழைக்கும் எனது கவலை. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துச்செல்லும் படகை மீட்பது வெளியுறவு அமைச்சகத்தின் பொறுப்பு. சட்டமன்றம் தீர்மானம் போடலாம், முதலமைச்சர் கடிதம் எழுதலாம். மக்களவையில் அமைச்சரை எழுப்பிப் பதில் கேட்க எங்களுக்கென்று இருப்பது ஒரே ஓர் இடம். மாநிலங்களவையில் தமிழகத்துக்கு 18 பேர் உண்டே என்பீர்கள். அவர்களில் எவரும் எங்கள் ஓட்டுக்காக இறங்குதளத்தில் வந்து நிற்க வேண்டியவரல்லர். ஆறு மாதம் என்பது கோப்புக்குச் சிறிய காலமாக இருக்கலாம். இலங்கையின் மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் படகுக்கு அதற்குள் பலகை உளுத்துவிடும், எஞ்சின் துருப்பிடித்துவிடும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு, காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் நடத்த ஆறு மாதக் கெடு விதித்துவிட்டு, இரண்டு விலக்குகளையும் தருகிறது. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குள் என்றால் கெடு இல்லை என்பதில் எனக்கு வழக்கில்லை. ஒன்றிய அரசைக் கலந்து, உரிய காலத்தில் தேர்தல் நடத்துவது கடினம் என்று ஆணையம் சான்றளிக்கும் மற்றொரு விலக்கைப் பற்றித்தான் கேட்கிறேன்: அந்தச் சான்றையும் அதற்கான காரணங்களையும் தொகுதி மக்களின் மொழியில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள், எந்த மாதத்துக்குள் தேர்தல் நடக்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

தேதி குறிக்கும்போது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர் எல்லாரும் கரையில் இருப்பார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாம்பன் வாக்காளர் ஒருவர்