இரண்டு எண்கள் போதும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். தாடிக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், அவர் நாற்காலி இப்போது எனக்கு. இனி என் கடிதத்துக்கும் ‘ஐயா’ போட்டுத்தான் நீ பதில் எழுத வேண்டும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பொருள் தரும் சப்ளையர்கள் வெள்ளம், நிலநடுக்கத்துக்கு எவ்வளவு தயார் என்று மதிப்பெண் போடுவது இப்போது என் பொறுப்பு. கைக்கு வந்த படிவத்தில் பேரிடர்த் திட்டம் உண்டா, ஒத்திகை உண்டா என்றுதான் கேள்விகள். எல்லோரும் ‘உண்டு’ என்று டிக் அடித்து நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

2011 மார்ச் நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஒனஹாமாவில் ஓர் ஆலை நின்றது. கார் பெயின்டுக்கு மினுமினுப்பு தரும் ஸிராலிக் என்ற நிறமி, உலகத்துக்கே அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. ஃபோர்டு உட்பட பல கம்பெனிகள் சில நிறங்களில் ஆர்டர் எடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. பெயின்டில் கலக்கும் ஒரு தூளுக்காக!

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி ஃபோர்டோடு சேர்ந்து செய்த வேலையைப் படித்தேன். அதன் சாரம் இரண்டே எண்கள். ஓர் ஆலை முடங்கினால் மறுபடி ஓட எத்தனை வாரம்? அது ஓடாமல் நாம் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்போம்? முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் அங்கேதான் ஆபத்து. வெள்ளம் எந்த வருஷம் வரும் என்ற ஜோசியமே வேண்டாம்.

ஆனால் முதல் எண்ணைச் சப்ளையர் சொன்னபடியே எழுதிக்கொள்ள முடியாது. ஒரு ரப்பர் கேஸ்கெட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்க வைப்பது) சப்ளையர் ‘2 வாரம்’ என்று எழுதியிருந்தார். நேரில் போய்ப் பார்த்தால் ரப்பருக்கு வடிவம் கொடுக்கும் அச்சு ஒரே செட், அதுவும் தரைத்தளத்தில், வாய்க்காலை ஒட்டிய சுவரோரம். புது அச்சு செய்து, சாம்பிள் அனுப்பி, ஒப்புதல் வாங்க 3 மாதமாவது ஆகும். எங்களிடம் இருப்பு 10 நாளைக்கு. விலை அற்பம் என்பதால் அது எங்கள் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. கோடிக்கணக்கில் வாங்கும் பொருள்களுக்கு மட்டும் கூட்டம் மேல் கூட்டம்!

அந்த கேஸ்கெட்டை 4 மாத இருப்பு வைக்கலாம், இன்னொரு அச்சுக்கும் நாமே பணம் கொடுக்கலாம் என்கிறேன். இருப்பு என்றால் முடங்கிய பணம் என்கிறது கொள்முதல் பிரிவு. நீ ஸ்டோர்ஸில் பழம் தின்று கொட்டை போட்டவன். ரப்பரை அவ்வளவு நாள் வைத்தால் கெடாதா? இருப்பா, அச்சா, எதற்கு முதலில் சண்டை போடட்டும்? போன தடவை மாதிரி மூன்று வரியில் முடித்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்