குளத்தில் இடம் விடுகிறோம், தண்ணீருக்கு உத்தரவாதம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் 'இன்னொரு அணை கட்டியிருக்கலாமே' என்கிறோம். நாலு மாதம் கழித்துத் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் அதையேதான் சொல்கிறோம். ஸ்ரீவைகுண்டம் தென்கால் (தெற்குக் கால்வாய்) பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவன் நான். அணை வேண்டும் என்று பேசுகிற யாரும் எங்கள் குளங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. மலைமேல் மாஞ்சோலையிலும் கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்தும் தண்ணீர் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காயல்பட்டினத்தில் விழுகிற மழையை மலையடிவாரத்து அணை எப்படிப் பிடிக்கும்? ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அதைத் தாண்டிய தண்ணீர் புன்னைக்காயலில் கடலுக்குத்தான். இந்தச் சமவெளியில் மழையைப் பிடித்து வைக்க நமக்கு இருப்பது மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய நாலு கால்களையும் நம்பியிருக்கும் 53 குளங்கள்தான். 46,107 ஏக்கர் பாசனமும் அவற்றை வைத்துத்தான் நடக்கிறது.

அந்தக் குளங்களின் நிலைமை என்ன? எங்கள் ஊர்க் குளத்து மடையில் கல்படிகள் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது கோடையில் ஒன்பது படி இறங்கினால்தான் கால் தரையில் படும். போன சித்திரையில் போய்ப் பார்த்தேன். நாலாவது படியிலேயே கரம்பை, அதாவது வண்டல் மண். மற்ற படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. குளத்தின் நடுவில் உடைமரம் காடாக நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஏக்கர் நீர்ப்பரப்பில் ஒரே ஒரு அடி ஆழம் கூடினால் 4 கோடியே 35 லட்சம் கன அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். விநாடிக்கு 500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீர் அது. நிலம் எடுக்க வேண்டாம், ஊரைக் காலி செய்ய வேண்டாம். கரம்பையை அள்ளி வயலுக்குப் போட்டால் உரமும் ஆச்சு.

சரி, ஆழப்படுத்திவிட்டால் வெள்ளம் நின்றுவிடுமா? நிற்காது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கார்த்திகையிலேயே குளம் நிறைந்துவிட்டால், மார்கழியில் வருகிற மழைக்கு அதில் ஏது இடம்? குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற எங்கள் மறுகால் வெறும் கல்கட்டு. அந்த உயரத்துக்கு மேலே ஏறினால்தான் தண்ணீர் வெளியேறும். மூன்று மடைகளில் இரண்டின் ஷட்டர் துருப்பிடித்துத் திருகவே முடியாது. அவற்றை மாற்றச் சொல்லி 2023 கோடையில்தான் ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தோம். டிசம்பர் 17-ம் தேதி இரவு டார்ச் அடித்துக்கொண்டு கரையில் நின்றோம். தண்ணீர் கரையின் விளிம்புக்கு நாலு விரல்கடை கீழே இருந்தது. திறக்க வழியில்லை. விடிகாலையில் கரை உடைந்தது. குலை தள்ளிய வாழை ஆயிரத்துக்கு மேல் எனக்கு மட்டும் போனது.

ஆனால் ஒன்றை மனசாட்சியோடு சொல்ல வேண்டும். ஷட்டர் நன்றாக இருந்து, டிசம்பர் 15-ம் தேதி ஒரு அதிகாரி வந்து 'குளத்தை இரண்டடி இறக்கப் போகிறோம்' என்று சொல்லியிருந்தால் நானே முன்னால் நின்று மறித்திருப்பேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பிசானத்துக்கு (மழைக்கால நெல் பருவத்துக்கு) நட்ட பயிர் கருகுகிறபோது, முன்பு திறந்துவிட்ட தண்ணீரை யாரும் திருப்பித் தர முடியாது. அதிகாரிக்கும் அதே பயம். திறந்த பிறகு மழை ஏமாற்றிவிட்டால் பழி அவர் தலையில். வெள்ளத்துக்குக் குளம் காலியாக இருக்க வேண்டும், பாசனத்துக்கு நிறைந்திருக்க வேண்டும். இந்த முடிவை மழை கொட்டுகிற ராத்திரியில் கரையில் நின்று எடுக்க முடியாது.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அதிகம் பேசப்பட்ட 'ரூல்கர்வ்' இதற்குத்தான். முல்லைப்பெரியாறு விவகாரத்தால் தேனிப் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். எந்தத் தேதியில் எத்தனை அடிவரை தேக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, அதற்கு மேல் வந்தால் திறந்துவிடுவது. அணைகளுக்கு இருக்கிற இந்த ஏற்பாட்டை எங்கள் குளங்களுக்கும் கொண்டுவர வேண்டும். மறுகாலில் ஷட்டர் வைத்து, ஐப்பசியில் இத்தனை அடி, கார்த்திகையில் இத்தனை, தை பிறந்த பிறகே முழுக் கொள்ளளவு என்று ஒவ்வொரு குளத்துக்கும் தேதிக் கணக்கு எழுதி, மடைப்பக்கம் பலகையில் மாட்டட்டும். 2023-ல் எங்களை அழித்த மழை மார்கழி முதல் தேதி பெய்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.

அப்புறம், அதோடு சேர்ந்து ஒரு வாக்குறுதியும் வேண்டும். நாங்கள் குளத்தில் இடம் விடுகிறோம். மழை வராமல் போனால் அந்தப் பள்ளத்தை நிரப்ப பாபநாசம், மணிமுத்தாறு இருப்பிலிருந்து இத்தனை நனைப்புத் தண்ணீர் (வயலை ஒரு தடவை நனைப்பது ஒரு நனைப்பு) உண்டு என்று அரசு எழுத்தில் தர வேண்டும். கடைமடைக்காரனுக்கு அந்த நம்பிக்கை இருந்தால் எவனும் ஷட்டரை மறிக்க மாட்டான். அணையையும் குளத்தையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடாதவரை இது நடக்காது.

சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிக்குப் போகும் வெள்ளநீர்க் கால்வாயும் வேண்டியதுதான். 2009-ல் தொடங்கிய திட்டம் அது. அதன் பலன் அந்த மக்களுக்குப் போய்ச் சேரட்டும். ஆனால் அது கன்னடியன் அணைக்கட்டில் பிரிகிறது. அதற்குக் கீழே பெய்கிற மழைக்கு எங்கள் குளங்கள்தான் கதி.

உடைந்த கரையை மண் கொட்டி அடைத்துவிட்டார்கள். இரண்டாம் மடையில் இன்றும் மணல் மூட்டைதான் கிடக்கிறது. ஐப்பசிக்குள் அந்த ஷட்டரையாவது மாற்றித் தரும்படி தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்கால் பாசன விவசாயி ஒருவர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.