வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்யூனிஸ்ட் கட்சிக் கல்வி வகுப்புகள் நடத்தும் தோழர்களுக்கு வணக்கம்.

சோவியத் ஒன்றியம் ஏன் சிதைந்தது என்று இளம் தோழர்கள் கேட்டால், இன்றைக்கும் நம் வகுப்புகளில் வரும் விடை இதுதான்: அதன் கடைசித் தலைவர் கோர்பச்சேவ் காட்டிக்கொடுத்தார், அமெரிக்கா சதி செய்தது. கோர்பச்சேவின் குளறுபடிகளை நான் மறுக்கவில்லை. அமெரிக்கா சும்மா இருந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதர் ஆறே ஆண்டில் கவிழ்த்துவிடும் நிலைக்கு அந்த வல்லரசைக் கொண்டுவந்தது எது?

தெற்கு ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரில் நடந்ததைப் பற்றிப் பாடம் நடத்துங்கள், தோழர்களே. 1962 ஜூன் 1 அன்று இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு ஏற்றியது. அந்த ஊர் ரயில் எஞ்சின் ஆலையிலோ கூலியை ஏற்கெனவே குறைத்திருந்தார்கள். எதைச் சாப்பிடுவது என்று கேட்ட தொழிலாளர்களிடம், இறைச்சி கட்டுப்படியாகாவிட்டால் ஈரல் வைத்த ரொட்டியைத் தின்னுங்கள் என்றாராம் ஆலை இயக்குநர். மறுநாள் செங்கொடியும் லெனின் படமும் ஏந்தி அவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆம், லெனின் படம். படை சுட்டதில் 26 பேர் செத்தார்கள். பின்னர் 7 பேருக்கு மரண தண்டனை. பிணங்களைக்கூடக் குடும்பங்களிடம் கொடுக்காமல் ரகசியமாகப் புதைத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் சோவியத் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வரவில்லை.

அதற்குப் பிறகு தலைமைக்கு இறைச்சி விலையைத் தொடவே பயம். 1991 வரை ஏறக்குறைய அதே விலைதான். விளைவிக்கும் செலவு ஏற ஏற மானியம் வீங்கியது; விலை மலிவாக இருந்தது, கடையில் சரக்கு இல்லை. எண்ணெய் விற்ற காசில் வெளிநாட்டுத் தானியம் வாங்கிச் சமாளித்தார்கள். 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் அந்த வழியும் அடைபட்டது. ஆப்கானிஸ்தான் போரும் ஆயுதச் செலவும் வேறு. தேசிய இனங்களின் பிரச்சினைக்குத் தனி வகுப்பே வேண்டும்.

1989 ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் வட்டார நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் ஒன்று சோப்பு. கரிக்குழியிலிருந்து ஏறி வருபவருக்கு உடம்பு கழுவ சோப்பு இல்லை! 1991 ஆகஸ்டில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சி முடக்கப்பட்டபோது அதில் சுமார் ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள். அதைக் காப்பாற்றத் தொழிலாளி வர்க்கம் தெருவுக்கு வரவில்லை. தன் வாயைக் கட்டிப்போட்ட கட்சிக்காக அது ஏன் வர வேண்டும்?

அடுத்த வகுப்பிலேயே இதை எடுங்கள். கேள்வி கேட்கும் இளைஞரைக் குட்டி முதலாளித்துவச் சிந்தனை என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

தோழமையுடன்,
உங்கள் வகுப்புகளில் படித்த ஒருவன்