ஆள் இல்லாத ஊரா தில்லி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், வேலை மாற்றலாகி வடக்கே குடிபோகும் குடும்பங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்தான் தவறிவிட்டதோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் படித்தேன். தவறவில்லை. "தமிழ் படிக்க வழியில்லாத, முகம் கொடுத்துப் பேச ஆளில்லாத ஊர் தில்லி" என்று அச்சில் அப்படியே இருக்கிறது. எழுதியவர் இளையவராக இருக்கலாம். நான்கு நாள் விடுதியில் தங்கிவிட்டுப் போனவராகவும் இருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வரியைத் தாங்கள் எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்பதுதான் ஒரு வாரமாக ஆறவில்லை.

1986 அக்டோபரில் இந்த ஊருக்கு வந்தேன். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆறு வயது மகன், இரண்டு இரும்புப் பெட்டி, கோணிப்பையில் புழுங்கலரிசி, இவ்வளவுதான் தமிழ்நாடு எக்ஸ்பிரசிலிருந்து எங்களுடன் இறங்கியது. எனக்கு இந்தியில் எண்கள்கூடத் தெரியாது. வீடு தேடியபோது கதவைச் சாத்தியவர்கள் உண்டு. "மதராசிக்கு வீடில்லை" என்று மூன்று இடத்தில் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. நான்காவது இடம், கரோல்பாகில் ஒரு மொட்டைமாடி அறை. பர்சாத்தி என்பார்கள். கீழே வீட்டுக்காரப் பாட்டி. பிரிவினையின்போது முல்தானிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர். முன்பணம் பற்றிப் பேச்செடுக்கும் முன் என் மகனை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

டிசம்பரில் குளிர் இறங்கியது. எங்கள் ஊர் மன்னார்குடி. மார்கழியில் ஒரு சால்வை போதும். இங்கே குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்தது. கணவர் ஒரு கரி அடுப்பு வாங்கிவந்தார், அங்கீட்டி. அதைப் பற்றவைத்து அறைக்குள் வைத்து, ஜன்னலையும் கதவையும் இறுகச் சாத்திக்கொண்டு படுத்தோம். சற்று நேரத்தில் கதவு இடிபடும் சத்தம். பாட்டி, முழங்கால் வலியோடு படியேறி வந்து, கைத்தடியால் கதவை இடித்துக்கொண்டிருந்தார். திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். முந்தானையால் அங்கீட்டியின் பிடியைப் பற்றித் தூக்கி மாடியின் நடுவில் வைத்தார். பிறகு என்னைத் திட்டினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, மூடிய அறையில் கரிப்புகை ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும் என்று. அன்று இரவே தன் ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வையை, எங்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். முகம் கொடுத்துப் பேச ஆளில்லாத ஊரில் நடந்தது இது.

இரண்டு தெரு தள்ளி ஒரு திருநெல்வேலி அக்கா இருந்தார். இட்லி மாவு குளிரில் புளிக்கவில்லை என்று அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வந்து, மாவுப் பாத்திரத்துக்கு என் மகனின் கம்பளிச் சட்டையைப் போட்டு, கைகளை முன்னால் முடிச்சிட்டு, அரிசி டின்னுக்குள் இறக்கி மூடினார். காலையில் மாவு பொங்கி சட்டையின் கழுத்துவரை வந்திருந்தது. இன்றும் ஜனவரியில் என் வீட்டு மாவுக்குச் சட்டை உண்டு.

அதே அக்காதான் என் மகனைக் கையைப் பிடித்து, பூசா சாலையில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஊரில் கொடுத்த மாற்றுச் சான்றிதழ் முழுக்கத் தமிழில் இருந்தது. இதை யார் படிப்பார்கள் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "மன்னார்குடியா? ராஜகோபாலசாமி கோயிலுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தொடங்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு 24 ஆண்டுகள் முன்பே, பிழைக்க வந்த தென்னாட்டு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஏற்படுத்தியது. தமிழ்ச் சங்கம் 1946-இல் வந்தது. ராமகிருஷ்ணபுரத்தில் அதன் கட்டடத்தில் நூலகமும் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகள் இவை.

ஆனால் எங்களை யார் கேட்கிறார்கள்? தேர்தல் வந்தால் "தலைநகர்த் தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று ஒரு பத்தி, பொங்கல் வந்தால் பட்டுப்புடவையில் ஒரு படம். சில ஆண்டுகளுக்கு முன் மலை மந்திரின் படத்தைப் போட்டு, கீழே பிர்லா மந்திர் என்று அச்சிட்டீர்கள். 1973-இல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதன் கோயில் அது. இரண்டையும் பார்த்தவர் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது. அப்போதும் எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, திருத்தமும் வரவில்லை. இங்கே நாங்கள் மதராசி. ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தால், "உன் பையனுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா?" என்று பந்தியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் படித்தவன் அவன். இன்றும் எனக்குத் தமிழில்தான் எழுதுகிறான். கேட்டவர்களின் பிள்ளைகள் பலருக்குத் தமிழில் கையெழுத்து வராது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரத்தில் இருந்த, தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அதுவும் நரேலாவில், ஊரின் மறுகோடியில். அந்தப் பெண்கள் சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்தவர்கள். பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். என் கணவர் மருத்துவமனையில் கிடந்த இருபது நாளும், அந்தக் கேம்ப்பைச் சேர்ந்த விழுப்புரத்துப் பெண் ஒருத்தி வேலை முடிந்து ரசமும் சாதமும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு நான் உறவுமில்லை, எசமானியுமில்லை. கோயிலில் பார்த்துப் பழகியவள், அவ்வளவுதான். நரேலாவிலிருந்து லோதி எஸ்டேட்டுக்கு ஒரு பிள்ளை தினமும் எப்படிப் பள்ளிக்கு வரும் என்று தங்கள் இதழ் கேட்டிருக்க வேண்டும். நான்கு வரிச் செய்தியாகப் போட்டீர்கள். அந்த இதழை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது இதை எழுதவைத்த காரணத்துக்கு வருகிறேன். என் தங்கை மகளின் கணவருக்கு வரும் ஏப்ரலில் தில்லிக்கு மாற்றல். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பெண் குழந்தையைத் திருச்சியில் பாட்டியிடம் விட்டுவிடுவதாகவும், அவர் மட்டும் இங்கே தனியாக இருப்பதாகவும் முடிவெடுத்திருக்கிறார்கள். "பெரியம்மா, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள்" என்கிறாள். நாற்பது வருடம் இங்கே வாழ்ந்த பெரியம்மாவின் பேச்சைவிட அந்த ஒரு வரி பெரிதாகிவிட்டது. ஏழு வயதுக் குழந்தை, ஐயா. அப்பாவை வருடத்துக்கு இரண்டு முறை பார்த்து வளரப் போகிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. மந்திர் மார்க், பூசா சாலை, லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன என்று போட்டால் போதும். பள்ளிச் சேர்க்கை தொடங்கும் முன் வந்துவிட வேண்டும், பிறகு வந்து பயனில்லை. பக்கத்தில் இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிவிடுங்கள். அந்த ஏழு பெயர்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயூர் விஹார், தில்லி.