பெர்லின் கண்காட்சியிலிருந்து சித்தப்பாவுக்கு

பெர்லின்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டு மின்னணுப் பொருள்களுக்கான இஃபா கண்காட்சி செவ்வாய்க்கிழமை மாலை முடிந்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டே பேசியதில் குரல் கட்டிப்போய், நேற்றுத்தான் கொஞ்சம் திறந்தது. இன்று ஞாயிறு, இங்கே கடைகள் எல்லாம் மூடியிருக்கும். உட்கார்ந்து கடிதம் எழுத இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

எந்தக் கம்பெனி என்ன புதிதாகக் கொண்டுவந்தது என்று விவரமாக எழுதச் சொன்னீர்கள். அதையெல்லாம் இதற்குள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நான் போன இடமெல்லாம் பார்த்தது வேறொன்று: பொருளின் பின்மூடியைத் திறந்து காட்டுபவர் யார், காட்டாதவர் யார்? நீங்கள் பழுதுபார்க்கும் மேஜை அருகே ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு வேறு எங்கே கண் போகும்!

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெஸ்ஸே சூட் என்ற ரயில் நிலையத்தில் இறங்கினால் சற்று நடையில் கண்காட்சி வளாகம். அரங்கை அடுத்து அரங்கு, நடுவில் ஒரு பெரிய புல்வெளித் தோட்டம். ஓரத்தில் இரும்புச் சட்டங்களால் ஆன ஒரு கோபுரம், ஃபுங்க்டுர்ம் என்று பெயர், 1926-இல் திறந்தது. கண்காட்சி அதைவிடப் பழையது. 1924 டிசம்பரில் வானொலிக் கண்காட்சியாகத் தொடங்கியது. உலோகம் அலைகளைத் தடுக்கும் என்பதால் முதல் அரங்கை மரத்தாலேயே கட்டினார்களாம். 1935-இல் அது தீப்பிடித்து எரிந்துபோனது.

1930-இல் கண்காட்சியைத் திறந்துவைத்தவர் ஐன்ஸ்டைன். நேரில் வந்திருப்பவர்களையும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்தே வணங்கிப் பேச்சைத் தொடங்கியவர், அறிவியலின் அற்புதங்களைச் சிந்திக்காமல் பயன்படுத்துகிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார். மாடு தான் சுவைத்துத் தின்னும் செடியின் தாவரவியலை எவ்வளவு அறியுமோ அவ்வளவுதான் அவர்கள் அறிவார்கள் என்றும் சொன்னார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1933 ஆகஸ்டில், அதே கண்காட்சியில் நாஜி அரசு 76 மார்க் விலையில் 'மக்கள் வானொலி'யை அறிமுகப்படுத்தியது. விலை குறைந்த அந்த நல்ல பெட்டி நாஜிப் பிரசாரத்துக்குப் பயன்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். கோபுரத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்தன.

இன்னொன்று உங்களுக்காகவே சொல்கிறேன். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை முதன்முதலில் உலகுக்குக் காட்டியதும் இந்தக் கண்காட்சியில்தான், 1963-இல். பென்சிலைச் செருகி நீங்கள் சுற்றிச் சுற்றிச் சரிசெய்த அத்தனை கேசட்டுகளும் இங்கிருந்து புறப்பட்டவை!

இனி எங்கள் ஸ்டால். எங்களுடையது சிறிய கம்பெனி. புளூடூத் ஸ்பீக்கர் செய்கிறோம். ஒலி நன்றாக இருக்கும், ஆனால் அதற்காக மட்டும் யாரும் எங்களைத் தேடி வர மாட்டார்கள். எங்கள் பெட்டியின் சிறப்பு அதன் முதுகில் இருக்கிறது. நான்கு திருகாணிகள், சாதாரணத் திருப்புளி போதும். கழற்றினால் பேட்டரி, சர்க்யூட் போர்டு, ஒலிபெருக்கி எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வரும். ஒரு சொட்டுப் பசை கிடையாது.

எங்களுக்குக் கிடைத்த இடமோ ஒரு மூலை. பக்கத்து ஸ்டாலில் காலை பத்து மணிக்கு ஆரம்பித்த இசை மாலை வரை ஓயவில்லை. ஸ்பீக்கர் விற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துன்பம் உண்டா? எங்கள் பெட்டியின் மென்மையான ஒலியைக் கேட்கவைக்க வந்தவர்களைத் தோட்டத்துக்கே அழைத்துப்போக வேண்டியிருந்தது. முற்பகலில் ஒரு மணி நேரம் யாருமே வர மாட்டார்கள். பிறகு ஒரு கூட்டம் வரும், பேனாவையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். அழகாக உடுத்திய ஒருவர் அரைமணி நேரம் கேள்வி கேட்டு, விசிட்டிங் கார்டு கொடுத்து, திங்களன்று வருகிறேன் என்பார். திங்களன்று வர மாட்டார். ஒருவர் கேட்காமலேயே உள்பக்கத்தை வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு போனார். திறந்து காட்டுவது என்று முடிவுசெய்துவிட்டால் இதையும் தாங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அன்று மாலை எனக்கு மனம் சரியில்லை.

இடைவேளையில் பெரிய அரங்குகளுக்குப் போனேன். சுவர் அளவு தொலைக்காட்சிகள், பேசும் குளிர்சாதனப் பெட்டிகள், எதை எடுத்தாலும் செயற்கை நுண்ணறிவு. படங்கள் கண்ணைப் பறித்தன, மறுக்கவில்லை. இருட்டு அறையில், அந்தத் திரைக்கென்றே எடுத்த காட்சியை ஓட்டினால் எந்தத் திரையும் அழகாகத்தான் இருக்கும். ஓரிடத்தில் சட்டை மடிக்கும் ரோபோவைச் சுற்றிப் பெருங்கூட்டம். நானும் நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு பக்கவாட்டில் திரை விலகியது. உள்ளே ஒரு பையன் கையுறை போன்ற கருவியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மடித்தது அவன் கைகள்! எனக்குக் கோபம் வந்தது. 'இன்று மனிதன் இயக்குகிறான், நாளை தானே இயங்கும்' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

இதுவும் புதிதில்லையாம். 1967 ஆகஸ்டில் இதே கண்காட்சியில் மேற்கு ஜெர்மனியின் வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பை அன்றைய வெளியுறவு அமைச்சர் வில்லி பிராண்ட் ஒரு பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். அவர் அழுத்தி முடிப்பதற்குள் திரையில் நிறம் வந்துவிட்டது, ஏனென்றால் அது வெறும் பொம்மைப் பொத்தான். எங்கள் ஸ்டாலில் இருந்த மூத்த பொறியாளர் இதைச் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ரோபோவைப் பார்த்த அன்று பிற்பகல் எங்கள் ஸ்டாலுக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒலியைக் கேட்கவே இல்லை. "திறக்கலாமா?" என்றார். திருப்புளியைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான்கு திருகாணிகளையும் கழற்றி, எந்த மூலையிலிருந்து எடுத்தாரோ அதே வரிசையில் மேஜைமேல் வைத்தார். நீங்கள் வைப்பது போலவே, சித்தப்பா. ரப்பர் வளையத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். கம்பி உறையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பேட்டரியைக் காட்டி, "இது எங்கே கிடைக்கும்?" என்றார். எங்களிடமே கிடைக்கும், விலையும் அதிகமில்லை என்றேன். "உங்கள் கம்பெனி மூடிவிட்டால்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. எங்கள் முதலாளியையே கூப்பிட்டேன். மூவரும் அந்தத் திறந்த பெட்டியைச் சுற்றி நின்று வெகுநேரம் பேசினோம். பக்கத்து ஸ்டாலின் இசை காதிலேயே விழவில்லை. அத்தனை நாள் நின்றதற்கும் அந்த ஒரு உரையாடல் போதும் என்று தோன்றியது. அவர் ஒரு ரிப்பேர் கஃபேயில் சனிக்கிழமைதோறும் இலவசமாக வேலை செய்கிறவராம். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது: பழுதான பொருளை எடுத்துக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நம்மையே சரிசெய்ய வைப்பார்கள். உங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த நாட்டைப் பற்றி நீங்கள் மகிழக்கூடிய செய்தி இன்னும் உண்டு. இந்த ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய விதி. ஒரு ஸ்மார்ட்போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கியமான உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டுகள் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் செய்த பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று ஏ முதல் ஈ வரை லேபிளிலேயே போட வேண்டும். பெர்லின் நகர அரசு 2024 செப்டம்பரில் பழுதுபார்ப்புக்கு உதவித்தொகை தொடங்கியது. ரசீதைக் காட்டினால் செலவில் பாதி, 200 யூரோ வரை திரும்பக் கிடைக்கும். 2027 பிப்ரவரி 18 முதல் எங்கள் ஸ்பீக்கர் போன்றவற்றில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பதும் சட்டமாகிவிட்டது. நீங்கள் இத்தனை காலம் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்ததை இப்போது அரசிதழில் அச்சிடுகிறார்கள்.

இருந்தும் கடைசி மாலை எனக்குக் கசப்பாக இருந்தது. மணி ஆறு அடித்ததும் அரங்கு முழுவதும் பிரிக்கத் தொடங்கினார்கள். ஐந்தே நாள் மிதித்த கம்பளங்களைக் கிழித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். 'பசுமை' என்று எழுதியிருந்த பலகைகளும் அதோடு போயின. நாங்கள் மரப் பலகையில் திருகாணி போட்டுக் கட்டிய ஸ்டாலைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டோம், அடுத்த ஆண்டும் அதுவேதான்.

இப்போது ஒரு வேலை விஷயம். பெரியவர் கேட்டுப்போன கேள்வி எங்கள் அலுவலகத்தில் சண்டையாகவே மாறிவிட்டது. இப்போதைய மாடலில் 18650 என்ற அளவுள்ள இரண்டு உருளை வடிவ லித்தியம் செல்கள் ஒரே உறைக்குள், ஒரு பிளக்கோடு இருக்கின்றன. பாதுகாப்பானது, தப்பாக மாட்டவே முடியாது. ஆனால் எங்களிடம் மட்டும்தான் கிடைக்கும். அடுத்த மாடலில் உறையை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த ஹோல்டரில் தனிச் செல்களாகப் போடலாம் என்று நான் சொல்கிறேன். அப்படியென்றால் எந்தக் கடையிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பொறியாளர் பயப்படுகிறார்: தலைகீழாகப் போட்டுவிட்டால்? கொள்ளளவு 9,900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று பொய்யாக அச்சிட்ட போலிச் செல்லைப் போட்டுவிட்டால்? அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. நல்ல 18650 செல்லில் 3,500-ஐத் தாண்டுவதே அரிது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தலைகீழ் இணைப்பை மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சை வைத்துத் தடுக்கலாம் என்று வரைந்திருக்கிறேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். போலிச் செல்லுக்கு என்ன செய்வது என்று எனக்கு வழி தெரியவில்லை. உங்கள் மேஜைக்கு வருகிற பெட்டிகளில் எது அதிகம் கெடுகிறது, ஸ்பிரிங்கா, பிளக்கா? ஸ்பிரிங்கில் துருப் பிடிக்கிறதா, அழுத்தம் தளர்கிறதா? மாத இறுதியில் வடிவமைப்பை முடிவுசெய்கிறோம், அதற்குள் எழுதுங்கள். உங்கள் பதிலை அப்படியே மொழிபெயர்த்து அவர்கள் முன்னால் வைக்கப்போகிறேன்.

சித்திக்கு என் அன்பு.

உங்கள் அன்பு மகள்