கடைக் கூழில் ஒடியல் மா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரச் சாப்பாட்டுக்கடைகளில், காய்ந்த பனங்கிழங்கு மாவும் மீனும் சேர்த்துக் காய்ச்சும் ஒடியற்கூழ் விற்பதைப் பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் பல இடங்களில் கோதுமை மாவைக் கரைத்துத் தடிப்பாக்கிவிடுகிறார்கள். நாக்கில் பசைதான் ஒட்டுகிறது. ஒடியல் மா கசக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் கசப்பு மாவைச் சரியாகக் கழுவாததால் வருவது.

ஆறு பேருக்குக் கால் கிலோ மா போதும். அவித்துக் காயவைத்த புழுக்கொடியலின் மா இதற்கு உதவாது. பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்த ஒடியலின் மாவே வேண்டும். மாவை அரித்து, நிறையத் தண்ணீரில் கரைத்து, அரைமணி நேரம் அடையவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று தரம். இரவு முழுக்க ஊறவிட்டால் புளித்துப்போகும்.

மூன்று லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசியும் பலாக்கொட்டையும் முதலில் போகட்டும். பூநகரி மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் வேறு அரிசி தேட வேண்டாம். பிறகு மரவள்ளி, பயிற்றங்காய், நண்டு, மீன்தலை, இறால் கடைசியில். இவை அவிய முன்னர் புளியை விட்டால் மரவள்ளியும் பலாக்கொட்டையும் விறைத்தே நிற்கும். முல்லைத்தீவுக் கரையில் நண்டுக்கும் இறாலுக்கும் குறைவில்லை. மாங்குளம், வவுனியாப் பக்கம் குளத்துமீன்தான் கைக்குக் கிட்டும். விராலை உப்பும் புளியும் போட்டு உரஞ்சிக் கழுவாவிட்டால் கூழில் சேற்றுமணம் ஏறும்.

செத்தல் மிளகாய் 12, ஒரு துண்டு மஞ்சள் இரண்டையும் அரைத்து, எலுமிச்சங்காயளவு பழப்புளிக் கரைசலோடு மாவில் கலக்க வேண்டும். நெருப்பைத் தணித்து, ஒரு கையால் ஊற்ற மறுகையால் துழாவ வேண்டும். கொதிகொதிக்கும் பானையில் ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபட்டு, உள்ளே மா வேகாமல் கிடக்கும். 10 நிமிடத்தில் பச்சைவாடை போய்விடும். ஆறும்போது கூழ் இறுகும். ஆகவே இளக்கமாகவே இறக்க வேண்டும்.

கடைக்காரரின் உண்மையான சிக்கல் இங்குதான். மத்தியானம் காய்ச்சியது பின்னேரம் களியாகிவிடும். சுடுநீர் விட்டு இளக்கினால் உப்பும் புளிப்பும் சப்பென்று போகும். மீனும் கரைந்து முள் பரவும். யப்பானில் ராமென் எனும் நூடில்ஸ் சூப் கடைகள் எலும்பு அவித்த சாற்றையும் சோயா, உப்புக் கூட்டையும் தனித்தனியே வைத்திருந்து, ஆள் வந்து கேட்டபிறகே கோப்பையில் சேர்க்கின்றன. நூடில்ஸும் அப்போதுதான் அவிகிறது. நம் கடைகளும் அப்படிச் செய்யலாம். காய்களை அவித்த பானை ஒருபுறம், கழுவிய மாக்கூட்டு ஒருபுறம், துப்புரவாக்கிய மீனும் இறாலும் ஐஸில். எட்டுப் பேர் சேர்ந்ததும் சிறு சட்டியில் ஒரு தரம் காய்ச்சினால் 20 நிமிடத்தில் புதுக்கூழ் வரும்.

மெல்லிய பிளாஸ்ரிக் கப்பில் கொதிக்கும் கூழை ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிளா என்னும் ஓலைக் கிண்ணம் மடிக்க ஓலை கிடைக்காவிட்டால் சிரட்டையோ மண்கோப்பையோ போதும். பக்கத்தில் நாலு தேங்காய்ச் சொட்டும் வையுங்கள்.

இங்ஙனம்,
வாசகர், பரந்தன்