வந்தியத்தேவன் யார் முகத்தில் இருக்கிறான், பெரியம்மா?

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஏற்காட்டில் உங்கள் வீட்டில் 'பொன்னியின் செல்வன்' கதையையும் படத்தையும் வைத்து நாம் போட்ட சண்டை இன்னும் எனக்குத் தீரவில்லை. பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை உங்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வந்தபோது பாதி மறந்துவிட்டது. மீதியையாவது எழுதிவிடுகிறேன்.

நாலு நாள் மழை. கரண்ட் இருந்தால் மணிரத்னத்தின் படம், போனால் பாட்டி கல்கி பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துக் கோத்து பைண்டு பண்ணி வைத்த 'பொன்னியின் செல்வன்'. இப்படி மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது, ஆதித்த கரிகாலனின் வாளோடு. கதையை எழுதிய கல்கிக்கு அந்த அவசரமே இல்லை. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரையில் மெள்ளப் போகவிடுகிறார். அவனும் எழுபத்து நான்கு கணவாயை எண்ணிக்கொண்டு போகிறான்! எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்பதெல்லாம் அப்புறம். 1950இல் தொடங்கி 1954 வரை ஓடிய தொடர்கதை அது. படத்தின் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம்தான்.

சேந்தன் அமுதன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பூக்குடலையும் தேவாரமுமாகத் திரிகிற, ஊமைத் தாயின் வளர்ப்புப் பிள்ளை. ஐந்து பாகமும் அவனை 'பாவம், நல்ல பையன்' என்று ஓரமாகவே வைத்திருக்கிறோம். கடைசியில் அவன்தான் அசல் மதுராந்தகன், கிரீடம் அவன் தலைக்கு, ஓடக்காரப் பூங்குழலி மகாராணி என்கிறபோது முதல் பாகத்தை மறுபடி புரட்டாமல் இருக்க முடிவதில்லை. படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகருக்கே முடிசூட்டிக் கதையை முடித்துவிட்டார்கள். மணிமேகலையை அடியோடு காணோம். நீங்கள் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனது நியாயம்தான். ஆனாலும் அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. சேந்தன் அமுதனை நாம் மறந்துபோயிருந்தால்தான் கடைசியில் அந்த முடிசூட்டல் பலிக்கும். அப்படி மறக்க வருஷக்கணக்கு வேண்டும். ஐந்தரை மணி நேரத்தில் யார் யாரை மறப்பது?

சரி, சண்டைக்கு வருகிறேன். "கார்த்தி நல்லாத்தான் நடிச்சாரு, ஆனா நானா நெனச்சு வெச்சிருந்த வந்தியத்தேவன் போயிட்டான்" என்றீர்கள். அந்த 'நானா' என்பதுதான் எனக்கு இடிக்கிறது. நீங்கள் எப்போது தானாக நினைத்தீர்கள்? வாராவாரம் கல்கி பத்திரிகையில் ஓவியர் மணியம் வரைந்து கொடுத்துவிட்டாரே! வந்தியத்தேவனின் மீசை, நந்தினியின் கொண்டை, குந்தவை நிற்கிற தோரணை எல்லாமே. பள்ளிக்கூடப் பெண்ணாக நீங்கள் முதலில் பார்த்தது அவர் வரைந்த படத்தை. அப்புறம்தான் எழுத்து. அதாவது கார்த்தி துரத்தியது உங்கள் வந்தியத்தேவனை அல்ல, மணியத்தின் வந்தியத்தேவனை. நம் ஊரில் தொடர்கதை படித்தவர்களுக்கு வெறும் எழுத்து என்று ஒன்று கிடைத்ததே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

'தில்லானா மோகனாம்பாள்' எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதியபோது கோபுலு வரைந்தார். 1968இல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். இன்றைக்குச் சவடால் வைத்தி என்றால் உங்களுக்கு யார் வருகிறார், கோபுலுவின் கோடா, நாகேஷா? நாகேஷ்தானே? அதை மட்டும் மன்னித்துவிட்டீர்கள். 'நலந்தானா' பாட்டு வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறீர்கள். காயம்பட்ட நாதஸ்வரக்காரனைச் சபை நடுவில் பாட்டாலேயே விசாரிக்கிற அந்த இடத்தில் என்னைக் கேட்டால் சினிமாவுக்குத்தான் ஜெயம். எழுத்தில் நாதஸ்வரம் கேட்காது.

பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா கம்பெனியின் பழைய நுழைவு வளைவைத் தாண்டியபோது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பொன்னியின் செல்வன் தொடங்கிய அதே 1950இல்தான் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' நாவலை அந்தக் கம்பெனி படமாக எடுத்தது. நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷமாகப் போட்டுத் துப்பறிவார். நான் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாவலைப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் நம்பியார். அடித்து விரட்டினாலும் போகவில்லை. ஆனால் அதனால் படிக்கிற சுகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, பெரியம்மா. வடுவூராரின் நீண்ட வாக்கியங்களை நம்பியார் குரலில் படித்தால் இன்னும் ருசியாகவே இருந்தது.

கடைசியாக ஒன்று. கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். பாட்டியின் இரண்டாம் பாகத்தில் ஒரு பக்கத்தின் நடுவே சதுரமாக ஓட்டை. பூச்சி அரித்ததில்லை, பிளேடு வைத்து நேராக வெட்டியிருக்கிறது. மேலும் கீழும் இருக்கிற வரிகளைப் பார்த்தால் அங்கே இருந்தது வந்தியத்தேவன் படமாகத்தான் இருக்க வேண்டும். பின்பக்கத்து வரிகளும் அதோடு போய்விட்டதால் பூங்குழலி என்ன பதில் சொன்னாள் என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்டியது பாட்டியா, நீங்களா? அந்தப் படம் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது?

அன்புடன்,
சேலத்திலிருந்து உங்கள் தங்கை மகள்